தாலி கட்டப் போவது யார்?

போன மாதம் நியூஜெர்சியில் அத்தை பேத்தி கல்யாணம். மாப்பிள்ளை யூதர். நடத்தி வைத்தவர் ஓர் இன்டர்ஃபெய்த் மினிஸ்டர். மினிஸ்டர் என்றதும் நம்மூர் மந்திரியை நினைக்க வேண்டாம். கல்யாணமோ, பெயர் சூட்டலோ, சாவோ, கேட்கிற குடும்பத்தின் மதம் எதுவானாலும் வந்து சடங்கு நடத்திக் கொடுப்பவர்.

அறுபது வயது இருக்கும் அந்தம்மாவுக்கு. வெள்ளை அங்கி, தோளில் அங்கவஸ்திரம் மாதிரி ஒரு பட்டை, அதில் ஓம், சிலுவை, பிறை, தாவீதின் நட்சத்திரம் எல்லாம் பூவேலை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் அந்தம்மா காகிதத்தைப் பார்த்து, "மாங்கல்யம் தந்துனானேன மம ஜீவன ஹேதுனா" என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். பெரியப்பா என் காதருகே குனிந்து, "ஏம்ப்பா, தாலி கட்டப் போறது அந்தம்மாவா?" என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் பெரியப்பா கேட்டது நியாயம். அந்த சுலோகம் 'நான் உன் கழுத்தில் கட்டுகிறேன்' என்கிறது. கட்டுகிறவன் சொல்ல வேண்டியது. நம்மூரிலும் சாஸ்திரிகள் குரல்தான் கேட்கிறது, மாப்பிள்ளை ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாயசைக்கிறான் என்பது வேறு கதை. சாஸ்திரிகள் சொல்லிக்கொடுக்கிறவர், அவ்வளவுதான்.

இதையே பிடித்துக்கொண்டு கொஞ்சம் தோண்டினால் மற்ற மதங்களிலும் கதை கிட்டத்தட்ட இதுதான். யூதக் கல்யாணத்தில் மோதிரத்தைப் போட்டு 'இதனால் நீ எனக்கு உரியவள்' என்று சொல்வது மாப்பிள்ளை. யூத மதகுருவான ரப்பி பக்கத்தில் நின்று நடத்துகிறார். நிக்காஹ் என்பது இரண்டு தரப்பும் சாட்சிகள் முன்னால் ஒப்புக்கொள்வது. கத்தோலிக்கரில் லத்தீன் மரபுப்படி திருமணம் என்ற அருட்சாதனத்தை (புனிதச் சடங்கை) ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது மணமக்கள்தான். பாதிரியார் திருச்சபையின் சாட்சி. (கீழை மரபுத் திருச்சபைகளில் அப்படியில்லை, பாதிரியாரின் ஆசி கட்டாயம்.)

அதனால் "மதத்தை பஃபே சாப்பாடு ஆக்கிட்டாங்க" என்று புலம்பும் நண்பர்களோடு கல்யாண விஷயத்தில் எனக்கு ஒத்துப்போகவில்லை. கன்சர்வேடிவ் யூதப் பிரிவில் ரப்பிகள் கலப்பு மணம் நடத்தவே கூடாது என்று தடை. ரிஃபார்ம் பிரிவு 1973இல் வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டு, முடிவை அந்தந்த ரப்பியிடம் விட்டது. வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு யாராவது மணவறையில் நிற்க வேண்டாமா? நிற்கட்டும். மாப்பிள்ளையின் வரியை மாப்பிள்ளைக்கு விட்டுவிட்டு நிற்கட்டும்.

ஆனால் எல்லாச் சடங்கும் கல்யாணம் மாதிரி இல்லை.

சில வருடம் முன்பு எங்கள் அபார்ட்மென்டில் இருந்த தூத்துக்குடி அங்கிள் ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டத்தில் இருந்தார். இங்கே பெரிய ஆஸ்பத்திரிகளில் சேப்ளின் என்று ஆன்மிகத் துணைக்கு ஆள் உண்டு. அன்று இரவு டியூட்டியில் இருந்தவர் எல்லா மதத்துக்கும் பொதுவான இளைஞர். ஆன்ட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அவஸ்தை கொடுக்கணும் தம்பி" என்று தமிழிலேயே சொன்னார். நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் கத்தோலிக்கச் சடங்கு என்று நான் விளக்கினேன். அவர் பையில் எண்ணெய் இருந்திருந்தாலும் பூசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். "அதை நான் செய்தால் உங்களுக்கு அது நோயில்பூசுதல் ஆகாது, ஃபாதரைக் கூப்பிடுகிறேன்" என்றார். இரவு இரண்டு மணிக்கு மூன்று நம்பர் முயன்று ஒருவரைப் பிடித்தார். ஃபாதர் வரும்வரை அங்கிளின் பாதத்தைப் போர்வைக்கு மேலேயே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு வேலை தெரிந்திருந்தது. கத்தோலிக்கத்தில் நோயில்பூசுதலைக் குரு மட்டுமே கொடுக்கலாம். அதே சபையில், சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் யாரும் கொடுக்கலாம். கிறிஸ்தவரல்லாத நர்ஸ்கூட, சபையின் நோக்கத்தோடு தண்ணீர் ஊற்றி உரிய வார்த்தைகளைச் சொன்னால் அது செல்லும். எது யாருடையது என்ற இந்தக் கணக்கு அங்கியில் எத்தனை சின்னம் பின்னினாலும் வந்துவிடாது.

இதில் நம்மூர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். நியூயார்க்கில் 1979இல் ரப்பி ஜோசப் கெல்பர்மன் இந்த இன்டர்ஃபெய்த் மினிஸ்டர்களுக்கென்று 'நியூ செமினரி' என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது கூட நின்றவர்களில் கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரும் ஒருவர். 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் தொடக்க உரை ஆற்றினாரே, அவரேதான். 1986இல் வர்ஜீனியாவில் அவர் திறந்த தாமரைக் கோயிலில் எல்லா மதத்துக்கும் இடம் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் பீடம் தனித்தனி. குழைத்து ஒன்றாக்கவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

அடுத்து அண்ணன் மகள் கல்யாணம். மாப்பிள்ளை ஐரிஷ் கத்தோலிக்கர், நடத்துவது அதே அம்மாதான். "பிஷப் அனுமதி இல்லாமல் என் முன்னால் செய்தால் சர்ச் இதைக் கல்யாணமாகவே எடுத்துக்கொள்ளாது, வாங்கியாச்சா?" என்று முதல் போனிலேயே அவராகக் கேட்டார். அந்தத் தைரியத்தில் பெரியப்பா கேட்டதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். சுலோகத்தை என் குரலில் ரெக்கார்ட் செய்து மாப்பிள்ளைக்கு அனுப்பச் சொன்னார்.

அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பையன் தினமும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுகிறான். 'தந்துனானேன' தேறிவிட்டது. 'பத்நாமி'யில்தான் நாக்கு சிக்கிக்கொள்கிறது.