ஆச்சியின் காது எங்கே போயிற்று?

சென்ற வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் மகன் ஒரு படம் போட்டான். தாத்தா நாற்காலியில், ஆச்சி பக்கத்தில் நின்றபடி, நடுவில் ஆறு வயது அத்தை. 1948இல் திருநெல்வேலியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. ஆச்சிக்கு என்று எங்களிடம் இருப்பது அந்த ஒரே படம்தான். அதைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் ஏற்றி, ஒரே நிமிடத்தில் புதிதாக்கியிருந்தான். கறை இல்லை, கீறல் இல்லை, போதாததற்குக் கலர் வேறு. இதயங்களும் கைகூப்பல்களும் குவிந்தன. துபாயில் இருக்கும் மைத்துனர் அழுதேவிட்டதாக எழுதினார்.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஆச்சிக்குக் காது இருந்தது. ஆனால் அது ஆச்சியின் காது இல்லை.

ஆச்சி பாம்படம் என்ற கனத்த காதணி போட்டவள். எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறைப் பெண்களுக்குக் குழந்தையிலேயே காது குத்தி, துளையில் பஞ்சு திணித்து, பிறகு குணுக்கு என்ற கனமான ஈய வளையம் மாட்டி, காது தோளைத் தொடும் வரை வளர்த்துவிடுவார்கள். பிற்பாடு காலம் மாறி, வளர்த்த காது பட்டிக்காட்டு அடையாளமாகிவிட்டது. பலர் வெட்கப்பட்டு அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். ஆச்சியின் தங்கையும் தைத்துக்கொண்டாள். ஆச்சியிடமும் கேட்டிருக்கிறார்கள். “என் அம்மை வளர்த்துவிட்ட காது, அறுக்க நீ யார்?” என்று விரட்டிவிட்டாளாம். சாகும்வரை அவள் சம்மதிக்காத ஒன்றை ஒரு செயலி கேட்காமல் கொள்ளாமல் செய்து முடித்துவிட்டது. பாம்படம் தொங்கிய இடத்தில் கொஞ்சம் கூந்தல், காதில் ஒரு பொட்டுக் கம்மல்.

படத்தை அத்தையிடம் காட்டினேன். எண்பது தாண்டியவள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “எங்கள் அம்மா சாயல் இருக்கிறதே, யார் இவள்?” என்றாள்.

இது அண்ணன் மகனின் தப்பில்லை. இந்தச் செயலிகள் பழைய முகத்தைத் துடைத்துத் தருவதாகத்தான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவை புது முகம் வரைகின்றன. நம் படத்தில் ஒரு முகம் சுண்டுவிரல் நகத்தளவு. அதைச் சட்டகத்தின் கண்ணாடிக்கு மேலாகவே கைப்பேசியில் எடுத்து, நாலு பேருக்கு அனுப்பி, நாலாவது ஆளிடமிருந்து திரும்ப வாங்கினால் கண் இருந்த இடத்தில் பத்துப் பதினைந்து புள்ளிகள்தான் மிஞ்சும். அதிலிருந்து கண்ணை மீட்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். 2021இல் வந்து பரவலாகிவிட்ட ஜிஎஃப்பிகேன் என்ற முகச் சீரமைப்புக் கருவி, படம் பகிரும் ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்களைப் பார்த்துப் பழகியது. அந்த எழுபதாயிரத்தில் பாம்படம் போட்ட ஆச்சிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அது எந்தக் காதைப் பார்த்ததோ அந்தக் காதைத்தானே ஒட்டும்!

கலர் கதை இன்னும் மோசம். செயலி ஆச்சிக்கு நீலப் புடவை கட்டிவிட்டிருந்தது. அத்தை ஒரே போடாகப் போட்டாள்: “நீலமா? அது அரக்குச் சேலை. உன் அப்பன் பிறந்தபோது அதில்தான் தூளி கட்டினார்கள். ஆட்டி ஆட்டி என் கை ஓய்ந்துபோனது.” பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களிலும் தகடுகளிலும் சிவப்பு ஒளியை உணராத வகை ஒன்று உண்டு. அதில் குங்குமம் கறுப்பாக விழும், சிவப்புச் சேலை கரியாக விழும். சாம்பல் நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு அது நீலமா சிவப்பா என்று மென்பொருள் எப்படிச் சொல்லும்? தூளி ஆட்டியவளுக்குத்தான் தெரியும். சேலையோடு விட்டதா என்றால் இல்லை. மூன்று பேருக்கும் கோதுமை நிறம். தாத்தா வெயிலில் உழுத மனிதர். அவரைக் கோதுமை நிறத்தில் பார்த்தால் அவருடைய மாடே அடையாளம் தெரியாமல் முட்டியிருக்கும்.

“அந்தக் காலத்திலும் டச்சப் செய்யவில்லையா?” என்று கேட்பீர்கள். செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். நெகட்டிவில் பென்சிலால் தழும்பை மறைத்தார்கள், படத்தின் மேல் வண்ணம் பூசினார்கள், செத்துப்போன கணவரை வேறு படத்திலிருந்து வெட்டி மனைவியின் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆனால் டச்சப் செய்த ஆள் கேட்டான். “அம்மா சிவப்பா, மாநிறமா? மூக்குத்தி எந்தப் பக்கம்?” வீட்டிலிருந்து ஒருவர் எதிரே உட்கார்ந்து பதில் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், முப்பது வருஷம் பொட்டு வைக்காமல் வாழ்ந்த அம்மாவுக்கு நினைவஞ்சலி பேனரில் ஒரு கடையில் பெரிய பொட்டு வைத்துவிட்டார்கள். அங்கே கேட்க ஆள் இருந்தும் கேட்கவில்லை. செயலிக்குக் கேட்கும் வழக்கமே கிடையாது.

ரேஷன் கார்டுப் படத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத வீட்டில், விடிவதற்குள் பேனர் அடிக்க வேண்டிய நேரத்தில், இந்த ஞாயமெல்லாம் நான் பேச மாட்டேன். அந்த வீட்டாருக்கு அந்த நேரத்தில் ஒரு முகம் வேண்டும், அவ்வளவுதான். என் கோபம் எல்லாம் சாவகாசமாக உட்கார்ந்து செய்பவர்கள் மேல்தான்.

சரி, இவ்வளவு பேசிவிட்டுச் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்று நானே உட்கார்ந்தேன். பதினோரு ராத்திரி ஆனது.

முதலில் படத்தைச் சட்டகத்திலிருந்து எடுக்கப் பார்த்தேன். ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் பிய்த்து இழுப்பவர்கள் முகத்தைக் கண்ணாடியில் விட்டுவிட்டு வெறும் அட்டையை எடுப்பார்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் பசையாகிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தேன். 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள், போதும் என்பார்கள், முகம் சிறியது என்பதால் நான் 1200 வைத்தேன். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். 1948 என்று எங்களுக்குத் தெரிந்ததே பின்னட்டையில் இருந்த பென்சில் எழுத்தால்தான்.

ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டைகள், பூஞ்சைப் புள்ளிகள், ஓரங்களில் வெள்ளி மேலெழுந்து கண்ணாடி போல் பளபளக்கும் திட்டு. கணினியில் இவற்றைத் துடைப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. மூன்றாம் ராத்திரி தாத்தாவின் நெற்றியில் ஒரு கோடு வந்தது. கீறல் என்று அழிக்கப்போனேன். பக்கத்தில் இருந்த இன்னொரு கோடு நெற்றியைக் கடந்து, பின்னால் தொங்கிய திரையில் வரைந்திருந்த தூண் வரை நீண்டது. இது மட்டும் நெற்றியோடு நின்றுவிட்டது. அத்தைக்குப் போன் போட்டேன். “அது காளை முட்டியது, தையல் போட்ட இடம்” என்றாள். கையெடுத்துவிட்டேன். ஆக, கோதுமை நிறம் இல்லாமலேயே மாடு முட்டித்தான் இருக்கிறது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின் உதவியோடு நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டலாக்கிச் சேமித்திருக்கிறது. அது ஆவணப் பணி, கறையையும் காப்பாற்ற வேண்டும். வீட்டுச் சுவருக்கு அவ்வளவு கறார் தேவையில்லை. நானும் துடைத்திருக்கிறேன். ஆனால் துடைக்காத மூலக் கோப்பைத் தனியாக இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். அண்ணன் மகனிடமும் ஒன்று கொடுத்தேன்.

என் படத்துக்குக் குழுவில் நாலே நாலு விருப்பக்குறிகள். முகப்புப் படமாகச் செயலி ஆச்சிதான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது நான் செய்தது. அதில் அத்தையின் முகம் மட்டும் கலங்கித் தெரியும், படம் எடுக்கும்போது ஆடிவிட்டாள். செயலி அந்த இடத்தில் பளிச்சென்று ஒரு பிள்ளையை வைத்திருந்தது. நான் கலங்கலை அப்படியே விட்டுவிட்டேன். அவளுக்கு வருத்தமாக இருக்குமோ என்று மாட்டும்போது கேட்டேன்.

“ஆடாதே என்று அப்பா அதட்டினார், அதனால்தான் ஆடினேன்” என்றாள்.