"நல்லாத்தானே இருக்கு, ஏன்க்கா எடுக்கணும்?"

செவிலியர் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒரு தங்கை, இரவு டியூட்டியில் என்னிடம் கேட்ட கேள்வி இது. வயதான பாட்டி ஒருவரின் கையில் போட்டிருந்த கேனுலாவுக்கு, அதாவது நரம்பு வழியாக மருந்து ஏற்றும் சின்னக் குழாய்க்கு, அன்றோடு மூன்று நாள் முடிந்திருந்தது. எங்கள் வார்டு வழக்கப்படி அதை எடுத்துவிட்டு வேறு இடத்தில் புதிதாகப் போட வேண்டும். ஆனால் பழைய இடத்தில் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, வலி இல்லை. மருந்து தடையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"மூணு நாள்னா மாத்தணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நானே எடுத்தேன். அப்புறம் நரம்பு கிடைக்கவில்லை. நான்கு முறை குத்தினேன். பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒவ்வொரு முறையும் கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார். அந்தத் தங்கை அவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அன்றிரவு அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிளேர் ரிக்கார்ட் என்ற செவிலியர் ஆய்வாளரின் குழு இதே கேள்வியை 3,283 நோயாளிகளிடம் சோதித்திருந்தது. ஒரு பிரிவினருக்கு மூன்றாம் நாள் கட்டாயம் மாற்றினார்கள். இன்னொரு பிரிவினருக்கு வலி, வீக்கம், அடைப்பு என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் மாற்றினார்கள். நரம்பு சிவந்து வீங்குவது, அதாவது நாம் சார்ட்டில் ஃபிளெபைட்டிஸ் என்று எழுதுவது, இரண்டு பிரிவிலும் 7 சதவீதம்தான். 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு. அந்தப் பாட்டியை நான் குத்துவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த விடை அச்சில் இருந்திருக்கிறது. கேட்டவளுக்கு நான் அந்த விடையைச் சொல்லவில்லை. கேள்வியையே மூடிவிட்டேன்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. 2021-ல் ஸ்விட்சர்லாந்தின் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து வேறொரு ஆய்வு வந்தது. அங்கே நாள் கணக்கை விட்டுவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் மாற்றுவது என்ற முறைக்குப் போனபின், கேனுலா வழியாக வரும் ரத்தத் தொற்று கூடியது. பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தது. எது சரி? இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: நாள் கணக்கை விடுகிறோம் என்றால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்து, தொட்டு, எழுதி வைக்க வேண்டும். தேவை முடிந்த கேனுலாவை அன்றே எடுத்துவிட வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் இல்லாத வார்டில் "நன்றாக இருந்தால் விட்டுவிடலாம்" என்பது, யாரும் பார்க்காமல் விட்டுவிடுவதாக மாறிவிடும். இதைத் தனியாக ஒரு சிஸ்டர் முடிவெடுக்க முடியாது. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு, டாக்டர்கள், மூன்று ஷிஃப்டின் செவிலியர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பேச்சுதான் நம்மிடையே நடப்பதில்லை. ரோஸ்டர் பற்றி, லீவு பற்றி, ரவுண்ட்ஸில் யார் கத்தினார்கள் என்பது பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். பேச வேண்டியதுதான், மனசு ஆற வேண்டாமா? ஆனால் "இதை ஏன் இப்படிச் செய்கிறோம்" என்று ஒருவர் கேட்டால் வார்டே அமைதியாகிவிடும். கேட்பவர் ஜூனியராக இருந்தால் திமிர் என்போம். சீனியராக இருந்தால், இத்தனை வருடம் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அவரே வாயைத் திறக்க மாட்டார்.

மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் ரைல்ஸ் ட்யூப் போட்டதும் சிரிஞ்சில் காற்றை உள்ளே தள்ளி, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்பதைத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நானும் பலருக்குக் கற்றுக்கொடுத்தேன். ட்யூப் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம், அதை நம்பி உணவு கொடுக்கக் கூடாது. உள்ளிருந்து எடுத்த திரவத்தின் பிஎச், அதாவது அமிலத்தன்மையின் அளவு, 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முடியவில்லையென்றால், சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே. இது எனக்குத் தெரிய வந்தது ஒரு வகுப்பிலும் அல்ல. வேறு வார்டிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர், நான் செய்வதைப் பார்த்துப் பதறிப்போய்ச் சொன்னார். அவர் அன்று சும்மா இருந்திருந்தால்?

நம் தொழிலில் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. படுக்கைப்புண் வராமலிருக்க எதை எதையோ தடவித் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில், டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர் முதியோர் வார்டுகளில் கணக்கெடுக்க உட்கார்ந்தார். எதைத் தடவுகிறோம் என்பதல்ல, அழுத்தம் ஓரிடத்தில் தங்காமல் தவறாமல் திருப்பிப் படுக்க வைப்பதுதான் காக்கிறது என்று அவரும் உடனிருந்தவர்களும் 1962-ல் எழுதினார்கள். இன்றும் சிவந்த இடத்தைத் தேய்க்கும் கைகளை நான் பார்க்கிறேன்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லிண்டா ஐகென் என்ற செவிலியர் ஆய்வாளரின் குழு 2002-ல் அமெரிக்காவில் செய்த ஆய்வில், ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு அறுவை சிகிச்சை நோயாளி சேரும்போது, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. ஆள் போடாமல் "தரத்தை உயர்த்துங்கள்" என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பும் நிர்வாகங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆள் கேட்பதை நாம் நிறுத்தவே கூடாது. அதற்காக, ஆள் வரும்வரை கேள்வியும் கேட்க மாட்டோம் என்று இருந்துவிட முடியுமா?

நாங்கள் ஒரு நோட்டு வைத்தோம். யார் வேண்டுமானாலும் ஒரு கேள்வி எழுதலாம். எழுதியவர் பெயர் வேண்டாம், நோயாளியின் பெயர் கண்டிப்பாகக் கூடாது. வாரம் இருமுறை, ஷிஃப்ட் மாறும்போது, நோயாளிகளின் விவரத்தை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் முடிந்ததும் பத்து நிமிடம் அதில் ஒன்றை எடுத்துப் பேசுவோம். விடை தெரிந்தால் அது எங்கே எழுதியிருக்கிறது என்று காட்ட வேண்டும். "எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்" என்பது செல்லாது. இந்த விதியைப் போட்டதே நான்தான். முதல் கேள்வியாகக் கேனுலாவை எழுதியதும் நான்தான்.

இப்போது நோட்டில் இருப்பது அந்தத் தங்கையின் கையெழுத்து, பெயர் போடாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும். உடல்நிலை சீராக இருக்கும் நோயாளியை, காய்ச்சலும் பிபியும் பார்ப்பதற்காக விடியற்காலை நான்கு மணிக்கு ஏன் எழுப்புகிறோம் என்று கேட்டிருக்கிறாள். டாக்டர்களிடம் கொண்டுபோனோம். யாரைத் தூங்க விடலாம், யாரைக் கட்டாயம் எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று நீங்களே பிரித்து எழுதிக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். நாளை மதியம் அவளும் நானும் இன்னொருவரும் அதை எழுத உட்காருகிறோம்.