மேல் வீட்டு வெயிலுக்கு யார் காசு குடுக்கறது?

ஏப்ரல் வந்துட்டா சென்னையில பழைய அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப் எதை தொறந்தாலும் ஒரே சண்டை தான். சூடு கொறையறதுக்கு மொட்டை மாடிக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கலாமா வேணாமா, அடிச்சா யார் காசு போடறது. மேல் மாடிக்காரர் "மொட்டை மாடி எல்லாருக்கும் பொது தானே, எல்லாரும் போடுங்க"ன்னுவார். கீழ் வீட்டுக்காரர் "லிஃப்ட் செலவுக்கே நான் குடுக்கறதில்ல, உங்க பெட்ரூம் சுடுதுன்னா அதுக்கு நான் எதுக்கு சார் குடுக்கணும்"னு கேப்பார். ரெண்டாவது மாடில வீட்ட வாங்கி வாடகைக்கு விட்டுட்டு நியூஜெர்சில இருக்கறவர் எல்லா மெசேஜையும் பாப்பார், பதில் வராது, ஏன்னா கரன்ட் பில் கட்டறது குடியிருக்கறவங்க. ஜூலைல நாலு மழை பெஞ்சா பேச்சு லீக்கேஜ் பக்கம் போயிடும், அடுத்த ஏப்ரல்ல மறுபடி மொதல்லேர்ந்து.

நான் இந்த மாதிரி ஒரு 1980கள்ல கட்டின அபார்ட்மென்ட்ல செக்ரட்டரியா இருக்கேன், சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. ஆனா எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. கீழ் வீட்டுக்காரர் கஞ்சம்னு சொல்றதுல அர்த்தமே இல்ல, அவர் இடத்துல நான் இருந்தாலும் அதையே தான் கேப்பேன். என் கோவம் எல்லாம் அரசாங்கத்து மேல. மத்திய அரசு மாநில அரசு ரெண்டுக்கும் சேத்து தான் சொல்றேன். புதுசா கட்டறவனுக்கு விதி இருக்கு, சோலார் போடறவனுக்கு மானியம் இருக்கு, இடிச்சு கட்டறவனுக்கு சட்டம் இருக்கு, ஏற்கனவே நிக்கற கட்டடத்த கொஞ்சம் சூடு கொறையற மாதிரி சரி பண்ணிக்கறேன்னு ஒரு அசோசியேஷன் கெளம்பினா அதுக்கு ஒரு ரூபாய் கிடையாது.

மொதல்ல பிரச்சனை என்னன்னு சொல்லிடறேன். மேல் மாடி வீட்ல ராத்திரி 11 மணிக்கு கட்டில் மேல ஏறி நின்னு சீலிங்க தொட்டு பாருங்க, அடுப்ப அணைச்சு ரொம்ப நேரம் ஆனாலும் தோசைக்கல்லு சுடற மாதிரி சுடும். கான்கிரீட் பகல் பூரா வெயில வாங்கி வெச்சுக்கிட்டு அதை மெதுவா கீழ அனுப்பும், அது ரூமுக்குள்ள வந்து சேர்ற நேரமும் நாம படுக்கற நேரமும் ஒண்ணா இருக்கும். ஃபேன் போட்டா அந்த சூட்ட தான் மேலேர்ந்து கீழ தள்ளும். அதனால ஏசி. மேல் மாடி ஏசி விடிய விடிய ஓடினாலும் கம்ப்ரஸர் நிக்கவே நிக்காது, அதே சைஸ் ரூம் முதல் மாடில இருந்தா நடுநடுவுல நின்னு நின்னு ஓடும். சித்திரை வைகாசி பில்லுல மேல் வீடு 500 யூனிட்ட தாண்டிடும், தாண்டினதும் 100க்கு மேல 200 வரைக்கும் இருக்கற அந்த மலிவு ரேட்டும் போயிடும், கீழ கட்டறதுக்கும் மேல கட்டறதுக்கும் சம்பந்தமே இருக்காது.

பழைய கட்டடங்கள்ல மொட்டை மாடில வெதரிங் கோர்ஸ்னு செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு மேல தட்டோடு பதிச்சிருப்பாங்க. அது ஒழுங்கா இருந்தவரைக்கும் ஓரளவுக்கு காப்பாத்திச்சு. இப்போ போய் நடந்து பாருங்க, பாதி ஓடு காலுக்கு கீழ டொக் டொக்னு ஆடும், டிஷ் ஆன்டெனாக்காரன் போல்ட் அடிச்ச இடத்துல ஓட்டை, ஓடு சந்துல அரச மரம் முளைச்சிருக்கும். இது மேல நேரா கூல் ரூஃப் பெயின்ட், அதான் வெயில திருப்பி அனுப்பற அந்த வெள்ளை பெயின்ட், அடிச்சா ஒரு ஐப்பசி மழைக்கு கூட தாங்காது. ஆடற ஓட்ட பேத்து, சரிவு சரி பண்ணி, லீக்கேஜ் பாத்துட்டு தான் வெள்ளை அடிக்கணும். அடிச்சப்புறமும் நம்ம ஊர் தூசிக்கும் பாசிக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை கழுவி விடணும், சில வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி அடிக்கணும். அதாவது இது ஒரு டப்பா பெயின்ட் விஷயம் இல்ல, சில லட்சம் ஆகற சிவில் வேலை. இருவது வீட்டு அசோசியேஷன் கார்பஸ் ஃபன்ட்ல, அதாவது சேத்து வெச்ச பொதுப் பணத்துல, அவ்ளோ இருந்தா அது லிஃப்டுக்கோ போர்வெல்லுக்கோ போயிட்டிருக்கும்.

சரி, அரசாங்கம் என்ன பண்ணுது? 2018 டிசம்பர்ல ஈகோ நிவாஸ் சம்ஹிதான்னு வீடுகளுக்கு ஒரு எரிசக்தி கோட் கொண்டு வந்தாங்க. கூரை வழியா இறங்கற சூடு, அந்த யூ வேல்யூ, 1.2க்கு மேல போகக்கூடாதுன்னு அதுல இருக்கு. வெறும் கான்கிரீட்டுக்கு அது இதோட ரெண்டு மடங்குக்கு மேல இருக்கும். நல்ல கோட் தான், ஆனா புதுசா கட்டறதுக்கு தான். 2019ல இந்தியா கூலிங் ஆக்ஷன் பிளான்னு ஒண்ணு, 2037-38க்குள்ள கூலிங் தேவைய 20லேர்ந்து 25 சதவீதம் கொறைக்கணும்னு. அந்த வருஷம் சென்னையில நிக்கப்போற வீடுகள்ல ஏகப்பட்டது இன்னிக்கே கட்டி முடிச்சு ஆள் குடியிருக்கற வீடு. அதைத் தொடாம எப்படி கொறைப்பாங்கன்னு எனக்கு புரியல. தமிழ்நாட்டுல 2024 அக்டோபர்ல வெப்ப அலைய மாநில பேரிடர்னு அறிவிச்சாங்க, பெரும்பாக்கம் அரசு குடியிருப்புல கூல் ரூஃப் சோதனை பண்ணி பாத்தாங்க, பாராட்டறேன். தெலங்கானா 2023லயே அஞ்சு வருஷத்துக்கு கூல் ரூஃப் பாலிசி போட்டு 300 சதுர கிலோமீட்டர், அதுல ஹைதராபாத் மட்டும் 200னு இலக்கு வெச்சாங்க. நாம சோதனைலயே நிக்கறோம்.

அடுத்து சோலார். பிஎம் சூர்யா கர்ங்கற மத்திய அரசு சோலார் திட்டத்துல தனி வீட்டுக்கு 78,000 வரைக்கும் மானியம், அசோசியேஷனா இருந்தா காமன் சர்வீஸுக்கு, அதாவது எல்லாருக்கும் பொதுவான கரன்ட் செலவுக்கு, கிலோவாட்டுக்கு 18,000. வேணாம்னு சொல்லல, காமன் சர்வீஸ் பில்லு கட்டி பாத்தவங்களுக்கு தெரியும், 2022ல அதை தனி கேட்டகிரி ஆக்கி யூனிட் 8 ரூபாய்க்கு ஏத்தி விட்டு, எல்லாரும் கத்தினப்புறம் 2023 நவம்பர்லேர்ந்து மூணு மாடி, பத்து வீட்டுக்குள்ள, லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு மட்டும் 5.50ன்னு கொறைச்சாங்க. மோட்டார் ஓட்டறதுக்கும் மாடிப்படி லைட்டுக்கும் சோலார் உதவும். ஆனா சூரியன் எறங்கினா பேனலும் எறங்கிடும், மேல சொன்ன சீலிங் சூடு அப்போ தான் வேலைய ஆரம்பிக்கும். ராத்திரி நேரத்துல வெளிச்சந்தைல கரன்ட் விலை சில நாள் யூனிட்டுக்கு 10 ரூபாய் உச்ச வரம்பு வரைக்கும் போகுது. 2024 மே 2ம் தேதி மாநிலத்தோட தேவை 20,830 மெகாவாட் தொட்டுச்சு. அப்போ ராத்திரி ஏசி ஓட வேண்டிய அவசியத்தையே கொறைக்கற ஒரு வேலைக்கு மானியம் குடுத்தா மின் வாரியத்துக்கு தான் மொதல் லாபம். இது எதுக்கு புரிய மாட்டேங்குது?

எனக்கு ரொம்ப எரிச்சல் ஆகற விஷயத்துக்கு வரேன். பழைய அபார்ட்மென்ட் ஓனர்ஷிப் சட்டத்துல இடிச்சு கட்டணும்னா எல்லார் கையெழுத்தும் வேணும். 2022ல புது சட்டம் போட்டு, அது 2024ல அமலுக்கு வந்து, இப்போ மூணுல ரெண்டு பங்கு பேர் சம்மதிச்சா போதும். இடிஞ்சு விழற நிலைமைல இருக்கற கட்டடங்களுக்கு இது தேவை தான், மறுக்கல. ஆனா நடக்கறது என்ன, எஃப்எஸ்ஐ, அதாவது நிலத்தோட அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு, 1.5 இருந்தது 2019 விதில 2 ஆச்சு, பில்டர் வந்து "பழைய வீட்ட குடுங்க, அதவிட பெரிய புது வீடு தரேன், ரெண்டு வருஷம் வாடகையும் தரேன்"னா யார் வேணாம்பா? இன்னும் முப்பது நாப்பது வருஷம் நிக்கக்கூடிய கட்டடம் எல்லாம் கொடுங்கையூர் பெருங்குடி பக்கம் ஜல்லியா போகுது. அந்த கம்பி, சிமென்ட், செங்கல் எல்லாம் சுட்டு உருக்கி பண்ண எரிபொருளுக்கு கணக்கே இல்ல. புது கட்டடத்துல மேற்கு பக்கம் முழுசா கண்ணாடி, வீட்டுக்கு மூணு ஏசி. இடிக்கறதுக்கு ரெண்டு பங்கு ஓட்டு போதும்னு வழி போட்டுக் குடுத்தவங்க, ரிப்பேருக்கு ஓட்டு போட்டு முடிவெடுத்தா அந்த பணத்த எப்படி வசூல் பண்றது, குடுக்காதவர என்ன பண்றதுன்னு அவ்ளோ சுலபமான ஒரு வழிய போட்டுக் குடுக்கல.

பணம் தான் எல்லாமே. எங்க அசோசியேஷன் பேர்ல கடன் கேட்டு ஒரு பேங்க்குக்கு போனோம். மேனேஜர் நல்ல மனுஷன், காபி எல்லாம் குடுத்தார். "செக்யூரிட்டி என்ன சார்?"னார். மொட்டை மாடினோம். சிரிச்சார். மொட்டை மாடி யார் பேர்லயும் கிடையாது, யூடிஎஸ்ல, அதாவது பிரிக்காத நிலப் பங்குல, எல்லார் பேர்லயும் துண்டு துண்டா இருக்கு, அதை எப்படி அடமானம் வெக்கறது. வேணும்னா ஒவ்வொருத்தரும் பர்சனல் லோன் எடுங்கன்னார். மூணாவது மாடில பென்ஷன்ல இருக்கற எழுபது வயசு மாமிக்கு யார் பர்சனல் லோன் குடுக்கறது.

எஸ்டோனியான்னு ஒரு குட்டி நாடு, சோவியத் காலத்து கான்கிரீட் அபார்ட்மென்ட் தான் ஊர் பூரா. அவங்க பிரச்சனை குளிரு, நம்மளுது வெயிலு, ஆனா சண்டை இதே சண்டை தான், மேல் வீடு கீழ் வீடு. அங்க 2018லேர்ந்து எல்லா அபார்ட்மென்டுக்கும் சங்கம் சட்டப்படி தானாவே உண்டு. பாதிக்கு மேல ஓட்டு விழுந்தா சங்கத்தோட பேர்லயே கடன் எடுக்கலாம், யார் வீட்டையும் அடமானம் வெக்க வேணாம், மாச மெயின்டனன்ஸோட சேத்து திருப்பி கட்டறாங்க, அரசாங்கம் இடத்தப் பொறுத்து 30லேர்ந்து 50 சதவீதம் வரைக்கும் மானியம் குடுத்திருக்கு. அவ்ளோ தூரம் வேணாம்னா சிங்கப்பூர பாருங்க, அரசாங்கம் கட்டிக் குடுத்த ஹெச்டிபி வீடுகள்ல ஹோம் இம்ப்ரூவ்மென்ட் புரோகிராம்னு 2007லேர்ந்து நடக்குது, அந்த பிளாக்ல இருக்கற குடிமக்கள் வீடுகள்ல 75 சதவீதம் ஓட்டு போட்டா வேலை நடக்கும், அத்தியாவசிய வேலைக்கு முழு காசும் அரசாங்கம், மத்ததுக்கு வீட்டோட சைஸுக்கு ஏத்த மாதிரி ஒரு சின்ன பங்கு மட்டும் வீட்டுக்காரர் போடணும். ஹெச்டிபி நிலம் அரசாங்கத்துது, நம்ம கதை வேறன்னு சொல்வீங்க, சரி தான். ஓட்டு போட்டு பங்கு பிரிக்கற முறைய எடுத்துக்கறதுக்கு நிலம் யாருதா இருந்தா என்ன.

அதுக்குன்னு அள்ளி விடவும் கூடாது. இத்தாலில 2020ல சூப்பர்போனஸ்னு ஒண்ணு விட்டாங்க, நூறு ரூபாய்க்கு வேலை பண்ணா 110 ரூபாய் வரிச்சலுகை, அந்த சலுகைய அடுத்தவனுக்கு கை மாத்தியும் விடலாம். வீட்டுக்காரனுக்கு கைக்காசு போகலன்னா கான்ட்ராக்டர்கிட்ட எதுக்கு பேரம் பேசுவான்? சாரம் கட்டற கம்பியிலேர்ந்து எல்லாமே விலை ஏறிடுச்சு, செய்யாத வேலைக்கு எல்லாம் பில் போட்டாங்க, கடைசில 12,000 கோடி யூரோவுக்கு மேல போச்சு. அப்புறம் பயந்து போய் 70, 65ன்னு கொறைச்சாங்க. நம்ம ஊர்ல அந்த மாதிரி ஒரு ஸ்கீம் விட்டா அடுத்த வாரமே தெருவுக்கு நாலு கூல் ரூஃப் கம்பெனி போர்டு தொங்கும், சுண்ணாம்ப கரைச்சு அடிச்சுட்டு போயிடுவான்.

அதனால என் கணக்கு இது தான். மூணுல ஒரு பங்கு மானியம், மீதி கடன். கடன் பதிவு பண்ண அசோசியேஷன் பேர்ல, மாநில அரசு கேரன்டி. தவணைய காமன் சர்வீஸ் கரன்ட் பில்லோடயே சேத்துடுங்க, அது கட்டலன்னா மோட்டார் ஓடாது, தண்ணி வராது, அதனால கட்டாம விட மாட்டாங்க. மூணுல ரெண்டு பங்கு ஓட்டு போதும், நியூஜெர்சிக்காரர் பதில் சொல்லலன்னா அவரை விட்டுட்டு எண்ணணும். கீழ் வீட்டுக்காரருக்கும் ஏதாவது கிடைக்கணும் இல்லையா, அதே கடன்ல பழைய மோட்டார மாத்தறது, டேங்க் லெவல் சென்சார், மாடிப்படி எல்இடி, மேற்கு பக்க ஜன்னலுக்கு சன்ஷேட், இதையும் சேத்துட்டா அவருக்கும் மெயின்டனன்ஸ் கொறையும், ஓட்டு போடுவார். மானியத்துல பாதிய வேலை முடிஞ்சதும் குடுங்க, பாதிய ஒரு கோடை கழிச்சு பெயின்ட் நிக்குதான்னும் மேல் மாடி மீட்டர்ல யூனிட் கொறைஞ்சுதான்னும் பாத்துட்டு குடுங்க. மீட்டர் ரீடிங் வாரியத்துகிட்ட ஏற்கனவே இருக்கு, புதுசா ஒரு ஆடிட்டர வெக்க வேண்டியதே இல்ல. சொத்து வரிய சீக்கிரம் கட்டினா மாநகராட்சி 5 சதவீதம் ஊக்கத்தொகை குடுக்குது, அதே மாதிரி வேலை முடிச்ச கட்டடத்துக்கு அஞ்சு வருஷம் ஒரு சின்ன தள்ளுபடி குடுத்தா வாடகைக்கு விட்டவரும் காது குடுத்து கேப்பார், ஏன்னா சொத்து வரி அவர் பாக்கெட்லேர்ந்து போறது.

காசு எங்கேர்ந்து வரும்னு கேக்கறவங்களுக்கு. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், 500க்குள்ள மலிவு ரேட், இதுக்கெல்லாம் அரசாங்கம் வருஷா வருஷம் வாரியத்துக்கு காசு கட்டிக்கிட்டு தான் இருக்கு. இலவசத்த எடுங்கன்னு நான் சொல்லல, சொன்னா எங்க வீட்லயே சோறு கிடைக்காது. ஆனா அந்த மானிய யூனிட்ல எத்தனையோ சீலிங் வழியா எறங்கின சூட்ட வெளிய தள்ளறதுக்கே செலவாகுது, அதுக்கு வருஷா வருஷம் குடுக்கறதுக்கு ஒரு தடவை கூரைக்கு குடுங்கன்னு தான் கேக்கறேன்.

எங்க ஜெனரல் பாடி மீட்டிங் ஜூன்ல. இந்த தடவையும் கூரை அஜெண்டால இருக்கு, லிஃப்ட் கயிறு மாத்தறதுக்கு அடுத்த ஐட்டமா. சென்னையில இல்ல கோயம்புத்தூர் மதுரைல எங்கயாவது வீடுகள அடமானம் வெக்காம, அசோசியேஷன் பேர்லயே கடன் வாங்கி இந்த வேலைய முடிச்சவங்க இருந்தா கீழ சொல்லுங்க, வட்டி எவ்ளோ, கையெழுத்து யார் போட்டாங்க, குடுக்காதவர்கிட்ட எப்படி வசூல் பண்ணீங்க, இந்த மூணும் சொன்னா போதும், மீட்டிங்ல அப்படியே படிச்சு காட்டிடறேன்.