நேரடியாகக் கேட்பதால் எண்ணம் வந்துவிடாது

தண்டையார்பேட்டை பெற்றோர் குழுவில் காலையிலிருந்து சுற்றும் செய்தி இது: பள்ளி ஆலோசகர் ஒரு பிளஸ் டூ மாணவியிடம் "சாகணும்னு தோணுதாம்மா?" என்று கேட்டாராம், அப்படிக் கேட்பதே பிள்ளை மனதில் அந்த எண்ணத்தை விதைத்துவிடுமாம்.

பயம் புரிகிறது அண்ணே, ஆனால் விஷயம் அப்படியில்லை. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஏற்கெனவே உள்ளே புழுங்கும் பிள்ளைக்கு, இதை வெளியே சொல்லலாம் என்ற தைரியம்தான் வருகிறது. அதனால்தான் ஆலோசகர்கள் சுற்றி வளைக்காமல் கேட்கிறார்கள். "அப்படியெல்லாம் நினைக்க மாட்டேதானே?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "இல்ல மிஸ்" என்றுதான் தலையாட்டும். (வீட்டில் நாம் கேட்பதும் பெரும்பாலும் இப்படித்தான்.)

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட தற்கொலைத் தடுப்பு அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மக்களிடம் உள்ள தவறான நம்பிக்கைகளை அதில் தனியாக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தற்கொலையைப் பற்றிப் பேசினாலே தூண்டிவிடும் என்பதும் அதில் ஒன்று. ஆங்கிலம் சிரமமென்றால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள். இதே சந்தேகத்தை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.