பெயின்ட் அடித்தால் பாதுகாத்த மாதிரியா?

ஊட்டி சேரிங் கிராஸில் இருக்கும் ஆடம்ஸ் நீரூற்றின் முன்னால் நின்று போட்டோ எடுக்காத கோயமுத்தூர்க்காரர் குறைவு. அந்த ஆடம் யாருங்க என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர் அதைவிடக் குறைவு.

வில்லியம் பேட்ரிக் ஆடம், மதராஸ் கவர்னர். 1880 டிசம்பரில் பதவிக்கு வந்தவர், 1881 மே மாதம் ஊட்டியிலேயே இறந்துபோனார். ஆறு மாதம்கூட முழுசாக ஆளவில்லை. அவர் நினைவாக 1886இல் வைத்ததுதான் இந்த நீரூற்று. முதலில் வேறு இடத்தில் இருந்து, அப்புறம்தான் சேரிங் கிராஸுக்கு வந்தது.

எனக்கு ஆடமைவிட அந்த நீரூற்றின் வார்ப்பிரும்பின் மேல்தான் பிரியம். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873. மலை ரயில் குன்னூரைத் தொட்டது 1899. நடுவில் வந்த இந்தப் பாரமெல்லாம் மலைப்பாதையில் வண்டி மாடு இழுத்துத்தான் ஏறியிருக்க வேண்டும். பாவம், எந்த ஊர் மாடோ.

ஊட்டிப் பக்கத்துப் பைகாராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்ததே 1932இல். அந்தக் காலத்து நீரூற்றுக்கு மோட்டார் ஏது? மேட்டில் ஒரு தொட்டி, அங்கிருந்து இறங்கும் குழாய், முனையில் குறுகலான வாய். உயர வித்தியாசம் தரும் அழுத்தத்திலேயே தண்ணீர் எழும்பும். கரன்ட் பில் கிடையாது.

இப்போது நம் ஊர் ரவுண்டானாக்களைப் பாருங்கள். திறப்பு விழா அன்று பீய்ச்சும். ஆறு மாதத்தில் மோட்டார் போகும். தொட்டியில் பாசி, அதன் மேல் குர்குரே கவர். பழைய இரும்பு நீரூற்று என்றால், தேர்தலோ திருவிழாவோ வந்தால் துருவைச் சுரண்டாமல் மேலேயே ஒரு கோட்டிங் அடித்து, கலர் லைட் போட்டு, 'புனரமைப்பு' என்று போர்டு வைப்பார்கள். கிட்டப் போய் விரலால் தடவினால் தெரியும்: இரும்பில் வார்த்த இலையின் நரம்பெல்லாம் பெயின்ட்டில் மூடி மொழுக்கென்று இருக்கும். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். விரிசலில் சிமென்ட் வைத்து அப்புவது அதைவிட மோசம். துரு ஊதும்போது சிமென்ட் பிளந்து, தண்ணீர் நேரே உள்ளே இறங்கும்.

'வெள்ளைக்காரன் நினைவுச் சின்னத்துக்கு நம் காசா?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 1283இல் முடிந்ததாகச் சொல்லும் காலிங்கராயன் வாய்க்கால் நம்மவர் வெட்டியதுதானே? ஈரோட்டுப் பக்கம் சாயத்தண்ணீரும் தோல் கழிவும் விட்டு அதை என்ன பாடு படுத்தினோம்! வைத்தவர் யார் என்பதல்ல நம் பிரச்சினை. வைத்தபின் பராமரிக்க ஆள் போடுவதில்லை.

அதனால் பழைய நீரூற்று எதுவானாலும் நான் கேட்பது கொஞ்சம்தான். அடுக்கடுக்கான பெயின்ட்டை இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். மூட்டுகளைப் பிரித்துச் சரிபார்க்க வேண்டும். உப்பு படிந்த முனைகளைச் சுத்தம் செய்ய நிரந்தரமாக ஒரு பிளம்பர் வேண்டும். கலர் லைட்டுக்கு ஒதுக்கும் காசில் அவருக்குச் சம்பளம் கொடுங்கள், போதும்.