கிழக்கும் மேற்கும்

பத்திரம் எழுதுவது என் தொழில். 27 வருஷமாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சொத்து விவரத்தில் எல்லை எழுதும்போது நாங்கள் தலைகீழாகத்தான் எழுதுவோம். நிலத்துக்குக் கிழக்கே முருகன் காடு இருந்தால் ‘முருகன் நிலத்துக்கு மேற்கு’ என்று வரும். தெற்கே ஓடை இருந்தால் ‘ஓடைக்கு வடக்கு’. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஆறு மாசமாவது தலை சுற்றும். என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அப்படிப்பட்ட நான் 2023-ல் ஒரு கிரயப் பத்திரத்தில் கிழக்கையும் மேற்கையும் மாற்றிப் போட்டுவிட்டேன். பதிவாகி, வங்கிக் கடனுக்குப் போன இடத்தில்தான் கண்டுபிடித்தார்கள். பிழைத்திருத்தல் பத்திரம் என் செலவில் எழுதிக் கொடுத்தேன். செலவு போகட்டும். நிலம் வாங்கியவர் “என்னண்ணே, உங்களுக்கே இப்படியா?” என்று கேட்டார் பாருங்கள், அது ரொம்ப நாள் காதிலேயே இருந்தது.

வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு 52.

உண்மையில் அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே விஷயம் தொடங்கிவிட்டது. 2019-ல் அப்பா இறந்த பிறகு ராத்திரியில் நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை. பதற்றத்தைத் தணிக்கிற அல்பிரசோலம் மாத்திரை, 0.25 மில்லிகிராம், ராத்திரிக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று தூங்கின தூக்கம் இருக்கிறதே, அப்பா போன பிறகு முதல்முறையாகக் காலையில்தான் விழித்தேன். அந்த நன்றியை நான் இன்றும் மறக்கவில்லை. அந்த மாத்திரை அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது.

ஆனால் எத்தனை நாள் என்று சீட்டில் இல்லை. நானும் கேட்கவில்லை. குத்தகைப் பத்திரத்தில் காலக்கெடு எழுதாமல் யாராவது வந்தால் திருப்பி அனுப்புகிற ஆள் நான்; என் சீட்டில் காலக்கெடு இல்லை என்று தோன்றவே இல்லை. 0.25, 0.5 ஆனது. ஊரடங்கில் தொழில் படுத்தபோது காலையிலும் ஒரு 0.5 சேர்ந்தது. சட்டப்படி அல்பிரசோலம் எச்1 அட்டவணையில் இருக்கிற மருந்து. 2014-லிருந்து மருந்துக் கடையில் இதற்குத் தனிப் பதிவேடு வைத்து, யார் சீட்டு, யாருக்கு, எத்தனை என்று எழுதி மூன்று வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். எனக்கு வாடிக்கையாகக் கொடுத்த கடையில் என் முகம்தான் சீட்டு. “அண்ணாச்சி, அதானே?” என்பார். நான் தலையாட்டுவேன். கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்குச் சண்டை போட்டிருப்பேன்.

இந்த மாத்திரை மூளையில் செய்கிற வேலையை என் மகள் சொல்லித்தான் புரிந்துகொண்டேன், அவள் பி.ஃபார்ம் படிக்கிறாள். மூளையில் காபா என்று ஒன்று இருக்கிறது, நரம்பணுக்களின் துள்ளலை அடக்குவது அதன் வேலை. அது போய்த் தட்டினால் குளோரைடு உள்ளே போகிற வாய்க்கால் திறக்கும், நரம்பணு அமைதியாகும். மாத்திரை புதிதாகக் காபாவைக் கொண்டுவருவதில்லை. இருக்கிற காபா தட்டும்போது மடையை அடிக்கடி திறக்க வைக்கிறது. மாசக்கணக்கில் இப்படி நடந்தால் மூளை தன் பக்கத்து ஏற்பாட்டைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடக்குவதற்கு ஆளில்லை.

இன்னொன்றும் சொன்னாள். இந்த வகை மாத்திரைகள் பழைய ஞாபகத்தை அவ்வளவாகத் தொடாது, புதிதாக ஒன்று மனசில் பதிவதைத்தான் கெடுக்கும். எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. 1998-ல் எழுதின பத்திரத்தின் சர்வே நம்பர் எனக்குத் தெரியும். காலையில் வந்து உட்கார்ந்த பார்ட்டியின் பெயர் மத்தியானம் மறந்துவிடும். பழசு எல்லாம் ஞாபகம் இருந்ததால்தான் புத்தி நன்றாக இருக்கிறது என்று இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

தெரிந்ததும் நான் செய்த காரியம் முட்டாள்தனம். 2024 கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டேன். மாலை போட்டால் சிகரெட்டை விடுகிறோம், இதையும் விட்டுவிடலாம் என்று கணக்கு. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட முடியாமல் விரல் ஆடியது. டீக்கடையில் கண்ணாடி டம்ளர் வைக்கிற சத்தம் மண்டைக்குள் விழுந்தது. பிரிண்டர் ஓடினால் எழுந்து வெளியே போனேன். நாலாம் நாள் காலை மனைவி என்னை மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். அங்கிருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, “வலிப்பு வந்ததா?” என்றுதான். வரவில்லை. ஆனால் வரும், இந்த மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம் என்றார்.

அதனால்தான் “மனசைத் திடமா வச்சுக்கோ, மாத்திரையைத் தூக்கிப் போடு” என்று அறிவுரை சொல்கிறவர்களைக் கண்டால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. போன வாரம்கூட ஒருவர் என் மேசை முன்னால் உட்கார்ந்துகொண்டு, மூச்சுப் பயிற்சி போதும், எல்லாம் மருந்துக் கம்பெனி வேலை என்று பக்கத்தில் இருந்தவருக்குப் பாடம் எடுத்தார். மூச்சுப் பயிற்சியை நானும் செய்கிறேன், நல்லதுதான். ஆனால் ஐந்தரை வருஷம் மாத்திரை போட்ட ஒருவனை அதை மட்டும் நம்பி நிறுத்தச் சொல்வது, நீச்சல் தெரியாதவனிடம் தைரியம் சொல்லிக் கிணற்றில் தள்ளுகிற வேலை.

டாக்டரம்மா அல்பிரசோலத்தை மெல்ல மெல்ல அதே வகையைச் சேர்ந்த டயஸிபாமுக்கு மாற்றினார். முன்னது உடம்பை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும், அடுத்த வேளைக்குள் பதறும். டயஸிபாம் நாள்கணக்கில் நின்று மெதுவாக இறங்கும். 2 மில்லிகிராமிலேயே மாத்திரை கிடைப்பதால் சின்னதாகவும் குறைக்கலாம். எல்லோருக்கும் இப்படி மாற்ற மாட்டார்கள், எனக்கு மாற்றினார்கள். 15 மில்லிகிராமில் தொடங்கினோம். மூன்று வாரத்துக்கு ஒரு மில்லிகிராம் குறைப்பு. ஆறுக்கு வந்த பிறகு நாலு வாரத்துக்கு அரை. இதோ மாசி வந்துவிட்டது, குறைக்கத் தொடங்கி 14 மாசம் ஆகப்போகிறது, இப்போது 2-ல் இருக்கிறேன். கால் மாத்திரை உடைக்கிற கத்தி ஒன்று என் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

இவ்வளவு மெதுவாகவா என்று நானும் கேட்டேன். இங்கிலாந்தில் நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை 1982-லிருந்து 1994 வரை இதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு நடத்தியிருக்கிறார். நோயாளி தாங்குகிற வேகத்தில்தான் குறைக்க வேண்டும் என்பது அவர் கண்டது. அமெரிக்காவில் 2025-ல் வந்த வழிகாட்டுதலும் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு 5 முதல் 10 சதவீதம் என்றுதான் தொடங்கச் சொல்கிறது. எனக்கு முதலில் குறைத்ததும் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான்.

இப்போது தெளிவுக்கு வருகிறேன். இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். மாத்திரை குறையக் குறைய மூளை படிப்படியாகத் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு குறைப்புக்கும் பிறகு முதல் வாரம் முன்னைவிட மோசமாக இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நழுவும். மகளைக் கூப்பிடத் தங்கச்சி பெயர் வரும். அந்த வாரத்தில் “போச்சு, நிரந்தரமாக மூளை கெட்டுவிட்டது” என்று தோன்றும். மூன்றாவது வாரம் சத்தமில்லாமல் சரியாகும். சரியானதை நாம் கவனிக்கவே மாட்டோம், அதுதான் சிக்கல். கெட்ட நாள் மட்டும் மனசில் நிற்கும்.

அதனால் ஒரு நோட்டு போட்டேன். அன்றன்று எழுதின பத்திரங்களின் நான்கெல்லையை ராத்திரி பார்க்காமல் எழுதுவேன். காலையில் நகலோடு ஒத்துப் பார்ப்பேன். முதல் மாசம் நாலு எல்லையில் ஒன்றோ இரண்டோ சரியாக இருக்கும். பல நாள் வெறும் பக்கம். ஆறாம் மாசத்துப் பக்கங்களில் மூன்று வரத் தொடங்கியது. போன ஆவணியில் ஒருநாள் மூன்று பத்திரம், பன்னிரண்டு எல்லையும் சரி. அன்றைக்கும் நான் என்னவோ ‘மந்தமாக இருக்கிறேன்’ என்றுதான் மனைவியிடம் புலம்பியிருக்கிறேன். நோட்டு இல்லையென்றால் அந்தப் புலம்பலைத்தான் நம்பியிருப்பேன். குறைத்துக்கொண்டிருக்கும்போது நம் புத்தியைப் பற்றி நாமே சொல்கிற தீர்ப்பை நம்பாதீர்கள், எழுதி வைத்துப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தெளிவு வரும்போது அதோடு வேறு சிலதும் வந்தன, அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஐந்து வருஷமாகக் கனவே வராதவனுக்குச் சினிமா மாதிரிக் கனவுகள். ஒருநாள் பழைய பத்திரக் கட்டில் அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்ட காகிதம் அகப்பட்டது. அவருடைய ‘ழ’ கொஞ்சம் சாய்ந்து இருக்கும். அலுவலக வாசலில், நாலு பேர் நடுவில், தேம்பித் தேம்பி அழுதேன். 2019-ல் அழ வேண்டிய அழுகை. பயந்துபோய் டாக்டரம்மாவிடம் ஓடினேன், மாத்திரையைக் கூட்டிவிடலாமா என்று. அவர் சிரித்துக்கொண்டே, “அப்பாவுக்காக அழறதுக்கு மாத்திரை வேணாம், அடுத்த மாசம் வாங்க” என்று அனுப்பிவிட்டார். (ஆனால் அவரைக் கேட்டு, அவர் விசாரித்த பிறகுதான் இது. நீங்களாகவே முடிவு செய்ய வேண்டாம். இன்னொன்று, தூக்கத்துக்கு என்று ராத்திரி ஒரு ‘கட்டிங்’கை இதோடு சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.)

போன திங்கட்கிழமை அந்த 2023 பார்ட்டி மறுபடி வந்தார். அதே நிலத்தை மகள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுத வேண்டுமாம். ஊரில் எத்தனையோ எழுத்தர்கள் இருக்க என்னிடம் ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. மூலப்பத்திரத்தை அவர் பையிலிருந்து எடுப்பதற்குள் நான்கு எல்லையையும் சொல்லிவிட்டேன், தலைகீழாக எழுத வேண்டிய முறையிலேயே. அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் பத்திரத்தைப் பிரித்து விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்.

“சரிதாண்ணே,” என்றார். “எதுக்கும் பிரிண்ட் எடுத்தப்புறம் இன்னொரு தடவை பாத்துருவோம்.”

பார்த்தோம்.