பாலத்தோட அகலத்துல இருக்கு ஊரோட பிளான்

அலாஸ்கால மெக்கார்த்தின்னு ஒரு ஊரு. ஊருன்னு சொல்றதே கொஞ்சம் ஓவர்தான், 2010 சென்சஸ்ல 28 பேர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ராங்கல் செயின்ட் எலியாஸ் நேஷனல் பார்க், 132 லட்சம் ஏக்கர், அமெரிக்காலயே பெரிய பார்க், சுவிட்சர்லாந்தைத் தூக்கி உள்ள வெச்சாலும் இடம் மிச்சம் இருக்கும். போன ஜூலைல போயிட்டு வந்ததுல இருந்து மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, ஏன்னா டவுன் பிளானிங்னா மேப்ல மஞ்சள் கலர் பச்சை கலர் அடிக்கிறதுன்னு நெனச்சிட்டிருந்த ஆளு நான்.

சிட்டினாங்கற ஊருல இருந்து 60 மைல் மண் ரோடு. பழைய ரயில் தடத்து மேலயே போட்டது. கென்னகாட் செம்புச் சுரங்கத்துக்காக 1911ல முடிச்ச லைன், 1938ல செம்பு கட்டுபடியாகலன்னு கம்பெனி மூட்டை கட்டிருச்சு. (சுரங்கம் கென்னகாட், ஆறு கென்னிகாட், யாரோ ஸ்பெல்லிங்கைத் தப்பா எழுதி அப்படியே நின்னுருச்சு.) தண்டவாளத்தைப் பிடுங்கினவங்க ஆணியை முழுசாப் பிடுங்கல, அதுல ஒன்னு எங்க பின் டயர்ல ஏறிருச்சு, விரலை விட நீளம், முழுக்க துரு. வண்டி வாடகைக்குக் குடுத்தவங்க "தாராளமா போங்க"ன்னு சொல்லிட்டு திரும்பி வந்ததும் டயருக்குத் தனியா பில்லு போட்டாங்க, அது வேற கதை.

ரோடு முடியற எடத்துல ஊரு இல்ல, ஆறுதான் இருக்கு. மேல ஒரு நடைபாலம். வண்டியை இந்தக் கரைல போட்டுட்டு நடக்கணும். 1997 வரைக்கும் அதுவும் கெடையாது, கம்பில தொங்குற தொட்டில உக்காந்து கயித்தைக் கையால இழுத்து இழுத்துப் போகணும். பாலம் கட்டலாம்னு பேச்சு வந்தப்ப வண்டி போற பாலமா ஆளு போற பாலமான்னு ஊருக்குள்ள பெரிய வாக்குவாதம், கடைசில ஆளு போற பாலம்தான் வந்துச்சு. என்னைக் கேட்டா அந்த ஊரோட மாஸ்டர் பிளானே அந்தப் பாலத்தோட அகலம்தான். ரெண்டு லாரி போற மாதிரி கட்டியிருந்தா இன்னிக்கு அந்த ஒத்தத் தெருவுல வரிசையா டூரிஸ்ட் வண்டிதான் நின்னிருக்கும்.

ஆனா இதைக் கொண்டாடறது எனக்கு ஈஸி, ரெண்டு நாள் டூர். பாலத்துல ஒரு பெரியவர் கைவண்டில காஸ் சிலிண்டரும் நாய்த்தீனி மூட்டையும் தள்ளிட்டு வந்தாரு, ஒரு கை குடுக்கட்டுமான்னு கேட்டேன், "இன்னிக்கு குடுப்ப, அடுத்த வாரம் யாரு குடுப்பா"ன்னு சிரிச்சிட்டே போயிட்டாரு. ஆத்துல கொஞ்சம் கீழ தனியார் கட்டின வண்டிப் பாலம் ஒன்னு இருக்கு, காசு கட்டுறவங்களுக்கு மட்டும். ஊரு வேணாம்னு விட்டதை ஒருத்தர் தன் செலவுல கட்டிட்டாரு. தப்புன்னு சொல்லல, தேவை இருந்துச்சு, செஞ்சாரு. ஆனா அது யாரோட முடிவு?

இங்கதான் எனக்கு உறுத்துது. இந்த ஊருக்கு மேயர் கெடையாது, சொத்து வரி கெடையாது, எங்க என்ன கட்டலாம்னு சொல்ல ஆளு கெடையாது. பேப்பர்ல பாத்தா தலைநகர் ஜூனோல இருக்கற ஸ்டேட் சட்டசபைதான் இவங்களுக்கு பஞ்சாயத்து. வாலண்டியரா ஒரு கவுன்சில் இருக்கு, கூடிப் பேசுவாங்க, ஆனா கையெழுத்துப் போட்டா செல்லாது. எதிர்ப்பக்கம் 1980 சட்டத்துல வந்த பார்க், அதுக்கு ஆபீஸ், பட்ஜெட், பிளான் போட சம்பளத்துக்கு ஆளு. மலைப்பக்கம் 5 மைல் தள்ளி இருக்கற, அந்தப் பழைய சுரங்கத்தோட 14 மாடி சிவப்பு செம்பு மில்லை 1998ல பார்க் வாங்குச்சு, அதைப் பாக்கத்தான் ஜனமே வருது, ரோட்டுல வர்றவங்க எல்லாரும் இந்த ஆத்தைக் கடந்துதான் போகணும். பார்க்குக்கு உள்ள நிலம் வெச்சிருக்கவங்களுக்கு வழி விடணும்னு அந்த 1980 சட்டத்துலயே இருக்கு, சந்தோஷம், ஆனா வர்றவன் வண்டியை எங்க நிறுத்துவான் குப்பையை எங்க போடுவான்னு அதுல இருக்காதே.

அரசாங்கமே வேணாம்னுதான் இவ்ளோ தூரம் வந்தோம்னு அங்க இருக்கறவங்க சொல்றது புரியுது. சுரங்க காலத்துல கம்பெனி குடியிருப்புல சாராயத்துக்குத் தடை, அதனால தள்ளி மொளைச்ச ஊரு இது, ரத்தத்துலயே அப்படித்தான். இருந்தாலும் நாற்காலி காலியா இருந்தா பார்க்கோ ஸ்டேட்டோ கரையோரம் நிலம் வெச்சிருக்கவரோ வந்து உக்காந்துக்குவாங்க. பெரிய முனிசிபாலிட்டி எல்லாம் வேணாம். பார்க்கிங், குப்பை, ஆத்தைக் கடக்கறது, இந்த மூணுக்கு மட்டும் ஓட்டுப் போட்டு அஞ்சு பேரை உக்கார வெச்சா போதும்.

கெளம்பற அன்னிக்கு வண்டியை எடுக்கப் போனேன். பார்க்கிங்குக்குக் காசு வாங்கினவர்கிட்ட பாத்ரூம் எங்கன்னு கேட்டேன். ரோட்டைக் காட்டி "அது ஸ்டேட்டோடது", மலையைக் காட்டி "அது பார்க்கோடது"ன்னாரு, அப்புறம் ரெண்டு கம்பத்துக்கு நடுவுல கட்டியிருந்த நைலான் கயித்தைத் தொட்டு, "என்னோடது இது வரைக்கும்தான்".